பழைய சைக்கிளைப் பெண் பிள்ளையின் கையில் கொடுங்கள்

எமது ஊர்களில் பெண் பிள்ளைகள் சைக்கிள் ஓடுவது புதினமான விடயம் அல்ல. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் காலை ஏழு மணிக்கு எந்தச் சந்தியில் நின்று பார்த்தாலும் வெள்ளைச் சீருடையும் பர்தாவும் அணிந்த மாணவிகள் சைக்கிளில் போவதைக் காணலாம். எனவே பெண்கள் சைக்கிள் ஓடலாமா, கூடாதா என்ற பழைய விவாதத்தை நான் இங்கே கிளப்பப் போவதில்லை. அதை எங்கள் உம்மாமார் தங்கள் காலத்திலேயே ஓடிக் காட்டி முடித்துவிட்டார்கள்.

நான் கேட்க விரும்புவது வேறொன்று. அதே சந்தியில் ஒரு மாணவியின் சைக்கிள் செயின் கழன்றுவிட்டால் என்ன நடக்கிறது? அவள் இறங்கி வீதியோரத்தில் நிற்கிறாள். யாராவது ஒரு தம்பி வரும் வரைக்கும் நிற்கிறாள். தரம் ஆறு படிக்கும் பையன் ஒருவன் வந்து, ஒரு குச்சியால் செயினைத் தூக்கிப் பல்லில் மாட்டி, பெடலைப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகிறான். ஒரு நிமிட வேலை. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் ராத்தா அவனுக்கு நன்றி சொல்கிறாள்.

அந்தப் பையனுக்கு அந்த அறிவு பிறவியிலேயே வந்ததல்ல. ஐந்து வயதிலிருந்து காக்காமாருடன் சைக்கிள் கடை வாசலில் குந்தியிருந்து பார்த்தான். பழைய சைக்கிள் ஒன்றை வாங்குவதும், கழற்றிப் பூட்டுவதும், கொஞ்ச நாள் ஓடிவிட்டுக் கொஞ்சம் கூட்டி விற்பதும், அந்தக் காசில் இன்னொன்றை வாங்குவதும் எமது பகுதிப் பையன்களுக்கு ஒரு விளையாட்டு. யாரும் அதைக் கல்வி என்று சொல்வதில்லை. ஆனால் பொருளைப் பார்த்து வாங்கவும், பழுதைக் கண்டுபிடிக்கவும், விலை பேசவும், வாங்கியவன் திரும்பி வந்து கேட்டால் பதில் சொல்லவும் அவர்கள் அதில்தான் பழகுகிறார்கள். எங்களுடைய பொழுதுபோக்கு என்ன என்று கேட்டால் நாங்கள் எழுதுவது வாசிப்பு, பூக்கன்று வளர்த்தல், தையல். அவை நல்லவைதான். இருந்தாலும் அந்தப் பட்டியலில் ஒரு ஸ்பேனருக்கும் இடம் வேண்டும் என்பதே எனது வாதம்.

நான் ஒலுவிலைச் சேர்ந்தவள். எங்கள் வீட்டிலிருந்து துறைமுகத்துக்குச் சைக்கிளில் போக அதிக நேரம் ஆகாது. டென்மார்க்கின் கடனுதவியுடன் 2008ஆம் ஆண்டு வேலை தொடங்கி 2013ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்ட துறைமுகம் அது. இலங்கையின் தென்கிழக்குக் கரைக்கு ஒரு துறைமுகம் வேண்டும் என்ற மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் கனவு என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். இன்றைய நிலை எல்லோருக்கும் தெரியும். வாயை மண் மூடிவிட்டது. கப்பலுக்காகக் கட்டிய இடத்தில் மீன்பிடிப் படகு நுழைவதே பெரும்பாடாகிவிட்டது. அலைதடுப்புக் கற்சுவருக்கு வடக்கே கடலரிப்பு தென்னந்தோப்புகளைத் தின்றுகொண்டு போகிறது. இதைப் பற்றி அரசியல்வாதிகளும் பொறியியலாளர்களும் நிறையப் பேசிவிட்டார்கள். நான் பேச வந்தது அந்த வீதியில் மாலை வேளையில் வீசும் உப்புக் காற்றைப் பற்றி.

உப்புக் காற்றுத்தான் எங்கள் பகுதிச் சைக்கிள்களின் முதல் எதிரி. உள்ளூரில் பத்து வருடம் ஓடும் ரிம் இங்கே நான்கு வருடத்தில் கறள் பிடித்துப் பொரிந்துவிடும். கம்பியின் தலையில் இருக்கும் சிறிய பித்தளைச் சுரை இறுகிவிடும். திருப்பினால் கம்பி முறியும். கடற்கரை மணல் சில்லின் அச்சுக்குள் போய் குண்டுகளை அரைக்கும். இதனால்தான் எமது ஊர்களில் வீட்டுக்கு ஒரு சைக்கிளாவது சுவரில் சாய்ந்தபடி, கோழி ஏறி நிற்க, ஓடாமல் கிடக்கிறது. முன்னர் கரியரில் மீன்பெட்டி கட்டி ஊரூராக வியாபாரம் செய்தவர்கள் மோட்டார் சைக்கிளுக்கு மாறியபோது விட்டுவைத்த பெரிய ரலி சைக்கிள்களும் இதில் அடங்கும். எங்கள் வீட்டில் இப்படிப்பட்டவற்றுக்குத் 'துறைமுகச் சைக்கிள்' என்று பெயர். வாயடைத்துக் கிடப்பவை என்ற அர்த்தத்தில் மூத்தவாப்பா வைத்த பெயர். கொஞ்சம் கசப்பான பகிடிதான்.

இவை எல்லாம் எழுந்து ஓடிய காலம் ஒன்றும் இருந்தது. 2022ஆம் ஆண்டு. பெற்றோல் இல்லை. ஜூன் மாதக் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. கியூ.ஆர். அட்டை வரும் வரைக்கும் வாப்பாமார் எரிபொருள் நிலைய வரிசையில் இரவு முழுக்கத் தூங்கினார்கள். அந்த நாட்களில் புதிய சைக்கிளின் விலை இரு மடங்காக ஏறியது. இறக்குமதிக் கட்டுப்பாட்டால் உதிரிப்பாகங்களும் தட்டுப்பாடு. கோழி ஏறி நின்ற சைக்கிளை எல்லாம் மக்கள் தட்டித் துடைத்துக் கொண்டு சைக்கிள் கடைக்கு ஓடினார்கள். கடைக்காரர் வைத்ததே விலை. ஒட்டுப் போடக்கூட மூன்று நாள் காத்திருக்க வேண்டும். யாருடைய வீட்டில் சைக்கிள் கழற்றத் தெரிந்த ஒரு கை இருந்ததோ, அவர்கள் மட்டும் தலை நிமிர்ந்து வேலைக்கும் பாடசாலைக்கும் போனார்கள். பணம் இருந்தவர்கள்கூட அந்த மாதங்களில் காத்துத்தான் கிடந்தார்கள்.

எங்கள் வீட்டில் வெளியே வந்தது உம்மாவின் 'சுனாமிச் சைக்கிள்'. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு உதவியாகக் கிடைத்தது. அந்த அழிவுக்குப் பிறகு இலங்கைக்கு எத்தனை சைக்கிள்கள் வந்தன என்பதை நம்மில் பலர் அறியோம். வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீப் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்டதே சுனாமியால் பாதிக்கப்பட்ட எமது நாட்டு மக்களுக்குச் சைக்கிள் கொடுப்பதற்காகத்தான். 24,000க்கும் அதிகமான சைக்கிள்களை அது இங்கே வழங்கியது. பிறகு ஆபிரிக்க நாடுகளுக்குப் போய் மாணவிகளுக்கும் தாதியருக்கும் கொடுத்தது. வேலைக்கும் பாடசாலைக்கும் மருந்துக்கும் போக முடியாதவருக்குச் சைக்கிள் ஓர் உயிர்க்கருவி என்பதை உலகத்துக்குக் காட்டிய இடங்களில் எமது நாடும் ஒன்று.

உம்மாவுக்குக் கிடைத்தது வேறொரு நிறுவனத்தின் சைக்கிள். அதனுடன் ஒரு ஸ்பேனர்கூட வரவில்லை. கொடுத்தவர்கள் ஒரு மணித்தியாலம் இருந்து, டியூப் ஒட்டுவது எப்படி என்று அந்தப் பெண்களுக்குக் காட்டியிருந்தால் அது இன்னும் ஐந்து வருடம் ஓடியிருக்கும். பின்சில்லு இறுகியது, உம்மாவுக்கு அடுத்தடுத்துப் பிள்ளைகள், சைக்கிள் சுவரோடு சாய்ந்தது. பதினைந்து வருடங்களுக்குப் பின்னர் அதை மூத்தவாப்பாவும் நானும் வளவுக்குள் ஒரு பாயை விரித்துக் கழற்றினோம். மின்சாரம் தடைப்பட்ட அந்த நீண்ட பகல்களில் வேறு வேலையும் இருக்கவில்லை.

அதிலிருந்து இன்று வரைக்கும் ஐந்து சைக்கிள்களைத் திருத்தியிருக்கிறேன். உம்மாவுடையதை வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் விற்றிருக்கிறேன். பெரிய சாதனை என்று சொல்லவில்லை. சைக்கிள் கடைக்காரர் ஒரு நாளில் பார்க்கும் வேலை. ஆனால் வாசிக்கும் தங்கைமாரில் யாராவது முயன்று பார்க்கட்டும் என்பதற்காக, பழைய சைக்கிள் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். புதுப் பெயின்ட் அடித்த பழைய சைக்கிள் மீது எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். பிரேமின் குழாய்கள் சேரும் மூட்டுகளைப் பாருங்கள். அதிலும் பெடல் அச்சு போகும் கீழ் மூட்டைப் பாருங்கள். மழைநீரும் உப்பும் இறங்கித் தேங்கும் இடம் அது. விரல் நகத்தால் சுரண்டினால் கறள் செதிலாகக் கழன்று வருமானால், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். பிரேம் போனால் சைக்கிள் போனது. மற்றதெல்லாம் மாற்றக்கூடியது.

அடுத்தது சில்லு. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சில்லைச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையிலுள்ள வெளியைப் பாருங்கள். அந்த வெளி ஒரே அளவாக இருந்தால் சில்லு நேர். கூடிக் குறைந்தால் கோணல். கொஞ்சக் கோணல் என்றால் கம்பிகளை அங்கங்கே இறுக்கியும் தளர்த்தியும் நேராக்கலாம். இது பொறுமை கேட்கும் வேலை. மருதாணிக் கோலம் போடும் கைக்கு நன்றாக வரும். ரிம்மே வளைந்திருந்தால் அதை விட்டுவிட வேண்டும். பிறகு சில்லைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டுங்கள். டக் டக் என்று ஆடினால் உள்ளே குண்டு தேய்ந்திருக்கிறது, அல்லது கோன் தளர்ந்திருக்கிறது. பயப்பட வேண்டாம். குண்டுகள் மலிவு. சாதாரண சைக்கிளில் முன்சில்லுக்குப் பக்கத்துக்குப் பத்து சிறிய குண்டும், பின்சில்லுக்குப் பக்கத்துக்கு ஒன்பது பெரிய குண்டும் போகும். மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் தடவி, ஒவ்வொன்றாக அடுக்கினால் சில்லு மௌனமாக ஓடும். அந்த மௌனத்தைக் கேட்பதில் ஒரு தனிச் சந்தோசம் இருக்கிறது. அதை இங்கே எழுத்தில் தர எனக்குத் தெரியவில்லை.

செயினை அளக்க ஓர் அடிமட்டம் போதும். செயினின் ஒரு கண்ணி அரை அங்குலம். அப்படியானால் இருபத்து நான்கு கண்ணி சரியாகப் பன்னிரண்டு அங்குலம் இருக்க வேண்டும். எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூடிவிட்டது என்றால் செயின் தேய்ந்து நீண்டுவிட்டது. பல்லையும் சேர்த்துத் தின்னும் முன் மாற்றிவிட வேண்டும். டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் அளவையும் மறக்காமல் வாசியுங்கள். 26 அங்குலம், 27, 28 என்று பல உண்டு. ஜப்பானிலிருந்து பாவித்து வரும் சைக்கிள்கள் பார்க்க அழகு, பாரம் தாங்கும், முன்னால் கூடை இருக்கும். ஆனால் அந்த அளவில் டயர் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்குமா என்று முதலில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஒரு சங்கதி சொன்னால் சிரிப்பு வரும். வலது பெடல் எல்லாத் திருகாணியையும் போல வலப்பக்கம் திருப்பினால் இறுகும். இடது பெடல் நேர் எதிர். இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். மிதிக்க மிதிக்கத் தளர்ந்து விழாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். இது தெரியாமல் இடது பெடலைக் கழற்றப் போய், முழுப் பலத்தோடும் இறுக்கிவிட்டுக் களைத்துப்போன ஆண்பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கையின் பலம் அல்ல, கணக்குத் தெரிந்திருப்பதே இங்கே முக்கியம்.

விலைக்கு வருகிறேன். பழைய இரும்பு வாங்க வருபவர் சைக்கிளை நிறைக்குத்தான் எடுப்பார். அவர் கொடுக்கும் விலைக்கும் கடையில் நிற்கும் பழைய சைக்கிளின் விலைக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் இந்தப் பொழுதுபோக்கு நடக்கிறது. நான் கடைசியாக வாங்கியது ஒரு லுமாலா லேடீஸ் சைக்கிள். 4,000 ரூபா. இரண்டு டயர், இரண்டு டியூப், செயின், பிரேக் கட்டை, கிரீஸ், கொஞ்சம் பெயின்ட் எல்லாம் சேர்த்து 6,200 ரூபா. விற்றது 13,500 ரூபாவுக்கு. மிச்சம் 3,300. மூன்று வார விடுமுறை நாட்களின் உழைப்புக்கு அது கூலியாகாது. கூலியாக நினைத்துச் செய்தால் இரண்டாவது சைக்கிளோடு அலுத்துவிடும். ஆனால் அந்த 3,300 ரூபாவை நான் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை.

விற்கும்போது ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டேன். குறையைச் சொல்லியே விற்பது. பின்சில்லில் கொஞ்சக் கோணல் இருக்கிறது, டைனமோ வேலை செய்யாது, சீற்றின் தோல் கீழே கிழிந்திருக்கிறது என்று சொன்னால் ஆயிரம் ரூபா குறையும். குறையட்டும். குறையை மறைத்து விற்கக்கூடாது என்பதை இஸ்லாம் பாடப்புத்தகத்தில் தரம் ஆறிலிருந்து எழுதி எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறோம். அதை ஒரு தடவையாவது சொந்தக் காசு குறையும்படி செய்து பார்க்கும் வாய்ப்பு எங்களில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வணிகம் செய்தவர்கள் என்று மேடைதோறும் பெருமையோடு பேசுகிறோம். பேசி முடித்து இறங்கும் பிள்ளைக்கு ஒரு பழைய பொருளை விலைபேசி விற்றுப் பழக்கமில்லை.

இனிப் பெற்றோரின் மறுப்புகள். அவற்றை நான் அலட்சியமாக நினைக்கவில்லை.

முதலாவது, ஆபத்து. கொழும்பிலிருந்து மட்டக்களப்பு வரை போகும் ஏ4 பெருந்தெரு எங்கள் ஊர்களின் நடுவே போகிறது. நிந்தவூர் தாண்டிக் களியோடைப் பாலத்துக்கு இப்பால் பஸ்கள் வரும் வேகத்தை எல்லோரும் அறிவோம். அந்தப் பயம் நியாயமானது. பெருந்தெருவில் தனியே ஓடும்படி எந்தப் பிள்ளையிடமும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் எமது ஊர்களுக்குள்ளே குறுக்கும் நெடுக்குமாக உள்வீதிகள் இருக்கின்றன. தரை தட்டையானது, மேடு பள்ளம் இல்லை. சைக்கிளுக்கென்றே அல்லாஹ் படைத்த நிலம் போலத் தோன்றும். எனக்கு ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வரும் விடயம் ஒன்று: எங்கள் துறைமுகத்துக்குக் கடன் தந்த நாட்டின் தலைநகரான கோப்பன்ஹேகன் உலகத்திலேயே சைக்கிளுக்குப் பேர்போன நகரங்களில் ஒன்று. அங்கே தாய்மார் முன்னால் பெட்டி பூட்டிய சைக்கிளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, வாகனத்திலிருந்து பிரித்துக் கட்டிய தனிப்பாதையில் போகிறார்கள். கடனோடு அந்த யோசனையையும் கேட்டு வாங்கியிருக்கலாம். மண் மூடாத ஒரு பாதையாவது மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது, அபாயா செயினில் மாட்டிக்கொள்ளும் என்பது. உண்மைதான், மாட்டும். மாட்டி விழுந்தவர்களும் இருக்கிறார்கள். ஏன் மாட்டுகிறது? லேடீஸ் சைக்கிளோடு வரும் முழுச் செயின் கவரும், பின்சில்லுக்கு மேலே பூட்டும் உடைகாப்பு வலையும் பழைய சைக்கிளில் இருப்பதில்லை. திருத்தும் ஆண்கள் சத்தம் போடுகிறது, தட்டுகிறது என்று அவற்றைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். காற்சட்டை அணிபவருக்கு அது தேவையில்லாத தகரம். அபாயா அணிபவருக்கு அது உயிர்க்காப்பு. சைக்கிளைத் திருத்துகிறவர் அதை ஓடுகிறவராகவும் இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். நான் விற்ற நான்கில் மூன்றுக்கு, வேறு சைக்கிளிலிருந்து செயின் கவர் தேடிப் பூட்டிய பிறகே கைமாற்றினேன். நான்காவது ஆண்கள் சைக்கிள். வாங்கியவர் ஒரு வயோதிபர்.

மூன்றாவது மறுப்பைப் பெற்றோர் வாயால் சொல்வதில்லை. பிள்ளை பெரிய பிள்ளையாகிவிட்டாள், சைக்கிள் தம்பிக்குப் போய்விடுகிறது. பிரத்தியேக வகுப்புக்கு ஆட்டோ பேசப்படுகிறது. ஆட்டோவுக்கு மாதம் கட்டும் காசை ஒரு வருடம் சேர்த்தால் நல்ல சைக்கிள் இரண்டு வாங்கலாம். அந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. ஆட்டோ வராத நாளில் வகுப்பும் இல்லை. எனது வகுப்பிலேயே இப்படிப் பாடம் தவறிப்போனவர்கள் இருக்கிறார்கள். பீகாரில் 2006ஆம் ஆண்டு, ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்கும் திட்டத்தை அரசாங்கம் தொடங்கியது. பின்னர் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, உயர்நிலைப் பாடசாலையில் சேரும் பெண் பிள்ளைகளின் அளவு அத்திட்டத்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியிருப்பதைக் கண்டார்கள். பாடசாலை தூரத்தில் இருந்த கிராமங்களில்தான் அந்தக் கூடுதல் அதிகம்.

ஆனால் எனக்குப் பிடித்த கதை தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் நடந்தது. 1991ஆம் ஆண்டு அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளைத் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், படிப்போடு சைக்கிள் பழகுவதையும் இயக்கத்தில் சேர்த்தார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். ஊடகவியலாளர் பி. சாய்நாத் அதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். பழைமை பேணும் முஸ்லிம் குடும்பங்களின் இளம் பெண்களும் அதில் இருந்தார்கள்; சைக்கிள் வாங்க வசதியில்லாத ஓர் ஆசிரியை, ஓடும் ஆசையில் தினமும் மாலை அரை மணித்தியாலம் சைக்கிளை வாடகைக்கு எடுத்தார். 1992 மகளிர் தினத்தை ஒட்டி 1,500 பெண்கள் மணியடித்துக் கொண்டு நகருக்குள் சைக்கிளில் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோனது. பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். சிலர் அதைத்தான் விரும்பியும் எடுத்தார்கள்; சீற்றுக்கும் ஹேண்டிலுக்கும் இடையிலுள்ள பாரில் குழந்தையை இருத்தலாம் என்பதற்காக. ஆணுக்கென்று செய்த பொருளில் ஒரு தாய் தனக்கான உபயோகத்தைக் கண்டுபிடித்த விதம் எனக்கு அந்த ஊர்வலத்தை விடவும் பிடித்திருக்கிறது.

எமது சமூகத்துக்கு ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. கிழக்கிலே பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்கிறோம். அவள் பிறந்த நாளிலிருந்து வாப்பா கல்லும் சீமெந்தும் சேர்க்கத் தொடங்குகிறார். அதற்காகவே மத்திய கிழக்கில் பத்துப் பதினைந்து வருடம் உழைத்தவர்களும் உண்டு. அந்த வீட்டின் தண்ணீர்க் குழாய் ஒழுகினால், கதவின் பூட்டு இறுகினால், வீட்டுக்குச் சொந்தக்காரி ஒரு பிளம்பரையோ தச்சரையோ வாசலில் நின்று எதிர்பார்த்துக் கொண்டிருக்கிறாள். இவ்வளவு பெரிய சொத்தைக் கொடுக்க மனம் உள்ள பெற்றோர், அதைப் பராமரிக்கும் கையையும் பழக்கிக் கொடுக்கலாமே. ஒரு பழைய சைக்கிள் அதற்குப் போதுமான பள்ளிக்கூடம். கையில் கிரீஸ் பட்டால் சவர்க்காரமும் கொஞ்சம் சீனியும் போட்டுத் தேய்த்தால் போய்விடும். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாது. தெரிந்தால்தான் என்ன? அவர்களிடமும் ஒரு சைக்கிள் கோழி ஏறி நிற்கும்.

எமது கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். துவிச்சக்கரவண்டித் தரிப்பிடத்தில் தினமும் எத்தனை சைக்கிள் நிற்கிறது என்று எல்லோரும் பார்க்கிறோம். பாடசாலை விடும் நேரத்தில் காற்றுப்போன சைக்கிளோடு நிற்கும் தங்கையையும் பார்க்கிறோம். அந்தத் தரிப்பிடத்தின் ஒரு மூலையில் ஒரு மரப்பெட்டி வைக்கலாம். காற்றடிக்கும் பம்ப் ஒன்று, 13, 14, 15 அளவு ஸ்பேனர்கள், ஒரு திருகாணி முடுக்கி, சொலூசன், ஒரு துண்டு சேன்ட் பேப்பர், துருவிப் பழசான இரண்டு கரண்டி. டயரைக் கிளப்பக் கரண்டிக் காம்பே போதும். வாரத்தில் ஒரு நாள், இடைவேளையில் இருபது நிமிடம், தெரிந்த ராத்தாமார் தெரியாத தங்கைமாருக்கு ஒரு டியூபை ஒட்டிக் காட்டலாம். வெளியிலிருந்து யாரையும் அழைக்கத் தேவையில்லை. பெட்டியின் சாவி அலுவலகத்தில் இருக்கட்டும். பதிவேட்டில் பெயர் எழுதி எடுக்கட்டும். பெற்றோர் சங்கம் பம்பை வாங்கித் தந்தால், ஒட்டுவதற்கான ரப்பர்த் துண்டுகளை நான் வெட்டிக்கொண்டு வந்து தருகிறேன். எங்கள் வீட்டில் பழைய டியூப் ஒரு சாக்கு இருக்கிறது.